புழுதி விதைப்பும் ஒரு நடப்புத் தரிசும்

நம் புள்ளியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நேரில் வந்து ஏதாவது சொல்கிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள் பயிற்சி நடத்துபவர்கள். சென்ற முறை நான் பேச வந்தபோது எல்லோருடைய மதியச் சாப்பாடும் ஆறிப்போனதை அவர்கள் மறக்கவில்லை போலிருக்கிறது. எழுத்தில் ஒரு வசதி உண்டு. போதும் என்று தோன்றினால் யாருக்கும் தெரியாமல் மூடிவைக்கலாம்.

உங்கள் கையேட்டில் இந்த நாட்டின் நிலம் முழுவதும் ஒன்பது வகைக்குள் அடங்கிவிடுகிறது. காட்டில் தொடங்கி, மேய்ச்சல் தரை, மரப்பயிர்த் தோப்பு, பலவிதத் தரிசுகள் என்று நடந்து, நிகர சாகுபடிப் பரப்பில் போய் முடிகிறது. நான் வேலைக்கு வருவதற்குச் சற்று முன்புவரை ஐந்து வகைதான் இருந்தது. ஐந்து ஒன்பதானபோது நிலம் ஒரு குழிகூடக் கூடவில்லை. நாங்கள் சுமக்க வேண்டிய தாள்தான் கூடியது. ஒன்பதையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும் செய்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மனைவி ஒருமுறை எழுப்பிக் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

பட்டத்தோடும் இந்த மனப்பாடத்தோடும்தான் ராமநாதபுரம் கரைக்கு வந்து சேர்ந்தேன். முதலில் கொடுத்தது ராமேஸ்வரம் தீவு. அங்கே கடலை ஒட்டிய மணலில் மீன்பிடிக் குடும்பங்கள். கழுத்தில் ஜெபமாலையோடு ஓர் அம்மாள் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் நிறையப் பனைகள். அவை தோப்பா, பயிரிடத்தக்க தரிசில் தானாக நிற்கும் மரங்களா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"பனைய யாரு நட்டது?" என்றேன்.

"நட்டா? அது பாட்டுக்கு மொளைச்சுச்சு. வெட்டாம விட்டிருக்கோம்."

"அப்படின்னா தோப்புன்னு எழுதவா, தரிசுன்னு எழுதவா?"

அந்த அம்மாள் தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எத எழுதுனா நீ வெயிலுக்கு முன்னாடி வீடு போயிச் சேருவியோ அத எழுதிக்க தம்பி" என்றார்.

பின்னாளில் கவனித்தேன். எந்தக் கையேட்டிலும் இல்லாத அந்த முறையைத்தான் நம் துறையில் பாதிப் பேர் பின்பற்றிவந்தார்கள்.

மறு வருஷம் என்னைக் கடலுக்கு இப்பால், விவசாய ஊர்களுக்கு மாற்றினார்கள். இங்கேதான் நான் சொல்ல வந்தது நடந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதி. ஜமீன் ஒழிந்து, நிலமெல்லாம் அரசாங்கக் கணக்குக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருப்புல்லாணிக்கும் சிக்கலுக்கும் இடையே ஒரு கண்மாய்ப் பாசன ஊர். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். பேரன் பேத்திகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். மற்ற இடங்களில் தண்ணீர் வந்த பிறகு நெல் விதைப்பார்கள். இந்தக் கரையில் விதைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள். ஆவணியில் பேருக்கு ஒரு தூறல் விழுந்ததும் உழுது, காய்ந்த புழுதியிலேயே நெல்லை எறிந்து, மேலே இன்னோர் உழவு ஓட்டி மூடிவிடுவார்கள். ஐப்பசி மழையில் அது முளைக்கும். கார்த்திகையில் கண்மாய் பெருகினால் அதுவரை புஞ்சைபோல் நின்ற பயிர் நஞ்சையாகிவிடும். இடைப்பட்ட நாட்களில் அந்த வயலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெறும் புழுதி. விதைத்த நிலத்துக்கும் தரிசுக்கும் ஒரே முகம்.

நம் கணக்கெடுப்பின் பார்வை நாள் அந்த இடைப்பட்ட நாட்களில் விழுந்தது. அதை நிர்ணயித்தவர்கள் நல்லவர்கள்தான். காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அந்த வருஷம் மழை தள்ளிக்கொண்டே போனது. இன்னும் தள்ளினால் மண்ணுக்குள் கிடக்கும் நெல் செத்துவிடும். மறுபடி விதைக்க வீட்டில் ஒரு படி இருக்காது, ஏனென்றால் அதற்கு முந்தைய வருஷமும் விளைச்சல் கெட்டிருந்தது. ஆகவே மறுவிதைப்புக்கு விதைநெல் கொடுப்பதென்று ஓர் உத்தரவு வந்தது. விதைத்துவிட்டுக் காத்திருக்கும் ஊர்களுக்கு மட்டும். தரிசாகப் போட்ட ஊர்களுக்குக் கிடையாது. காரணத்தையும் உத்தரவிலேயே சொல்லியிருந்தார்கள். விதைக்காதவன் வீட்டில் விதை பத்திரமாக இருக்குமாம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தால் இதில் ஒரு குறையும் தெரியாது.

ஊர்க் கணக்கப்பிள்ளை தம் அடங்கலில், அதாவது ஊர்ப் பயிர்க் கணக்கில், கண்மாய்ப் பாசனம் மொத்தத்தையும் 'விதைப்பு ஆனது' என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்த வேளையில்தான் மேலிடத்துப் பெரிய மனிதர் ஒருவர் குடும்பத்தோடு திருப்புல்லாணிக் கோயிலுக்கு வந்தார். காரின் இரு பக்கமும் புழுதி பறப்பதைப் பார்த்தவர், இதையா சாகுபடி என்று கணக்கு எழுதுகிறார்கள் என்று கேட்டார். அவர் சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அப்படிப்பட்டவர்கள் சாதாரணமாகக் கேட்டதற்கெல்லாம் ஓர் ஆளை அனுப்பிப் பதில் சொல்வதுதான் அரசாங்கம்.

வந்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். படித்தவர், நேர்மையானவர், நெல்லைச் சாக்கில்தான் பார்த்தவர். அவரை மெட்ராஸ்காரர் என்றே சொல்லிவிடுகிறேன். அவர் கையில் இருந்த ஆணை தெளிவானது. ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். அந்த சர்வே எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் சோதிக்க வேண்டும். இரண்டும் அடங்கலோடு ஒத்துப்போனால் ஊர்க் கணக்கை ஏற்கலாம். முரண்பாடு தெரிந்தால் ஊர் முழுவதையும் 'நடப்புத் தரிசு', அதாவது இந்த வருஷம் விதைக்காமல் போட்ட நிலம், என்று மாற்றிவிட வேண்டும். அதாவது ஓர் ஊரின் மறுவிதைப்பு இரண்டு துண்டு நிலத்தில் வந்து நின்றது.

எங்கள் தரப்பில் நானும் என் அதிகாரியும் போனோம். அவரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான். நிறையப் பேசமாட்டார். பேசினாலும் அடுத்த நாள்தான் புரியும்.

கண்மாய்க் கரையில் ஊரே நின்றது. முன்னால் இருளாண்டி. வெளுத்த தலைப்பாகை, முறுக்கிய மீசை. வருஷத்தின் முதல் ஏரைப் பூட்டுவதும், விதைப்பில் முதல் பிடியை எறிவதும் அவர் வீட்டு உரிமை. அவர் கை வீசிய பிறகுதான் மற்றவர்கள் விதைப்பெட்டியில் கை விடுவார்கள். பேச்சிலும் அப்படித்தான், அவர் தொடங்காமல் அங்கே யாரும் தொடங்கவில்லை.

"அய்யாமாரு நல்லாப் பாருங்க. எங்க ஊர்ல வெதைக்காத குழி ஒண்ணு காட்டிப்புட்டீகன்னா மீசைய எடுத்துர்றேன்."

"யாரு மீசையாம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. காத்தமுத்து. இருளாண்டியின் பக்கத்து நிலத்துக்காரர். நடுவிலிருக்கும் வரப்பை யார் வெட்டினார்கள் என்பதில் தகராறாகி, இருவரும் பல வருஷமாகப் பேச்சில்லை என்று கணக்கப்பிள்ளை என் காதில் சொன்னார். பேச்சில்லை என்றால் நேராகப் பேசுவதில்லை. மற்றபடி நாள் முழுக்க ஒருவரைப் பற்றி ஒருவர் ஊரிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மண்ணுக்குள் இருக்கும் விதையை எப்படிச் சோதிப்பது என்று மெட்ராஸ்காரர் தயங்கினார். வழி சொன்னது என் அதிகாரி. பயிர் அறுவடைச் சோதனைக்கு வைத்திருந்த கயிற்றுச் சதுரத்தை வெறும் புழுதியில் விரித்து, அதற்குள் இருக்கும் மண்ணை உழவு ஆழத்துக்கு அள்ளிச் சல்லடையில் சலித்துப் பார்க்கலாம் என்றார். மெட்ராஸ்காரருக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் செய்கிற சந்தோஷம் இளம் வயதில் எல்லோருக்கும் உண்டு.

குலுக்கலில் ஓர் எண் விழுந்தது. கணக்கப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. மொத ஏர்க்காரர் நெலமே வந்திருச்சு" என்றார்.

இருளாண்டி தலைப்பாகையை இறுக்கினார். "அது ஓரத்து நெலம்ங்க. கருவ முள்ளாக் கெடக்கு. நடுவுல நல்ல நெலமா எடுங்க" என்றார்.

"எண் எது சொல்லுதோ அதுதான் பெரியவரே" என்றார் மெட்ராஸ்காரர்.

அந்த நிலத்தில் முள் எதுவும் இல்லை. ஒழுங்காக உழுது பரம்படித்த நிலம். கயிற்றை விரித்தோம். சலிப்பதற்கு ராக்கு என்ற பெண் வந்தார். காத்தமுத்துவின் மனைவி. ஊரில் நல்ல சல்லடை அவரிடம்தான் இருந்தது. மண் இறங்க இறங்க, சல்லடையில் கட்டிகளோடு நெல்லும் தங்கியது. பரவலாக, தாராளமாக. மெட்ராஸ்காரர் குனிந்து பார்த்து முகம் மலர்ந்தார்.

"பிரமாதமான விதைப்பு. இதைப் போய் தரிசுன்னு சந்தேகப்பட்டாங்களே."

ராக்கு சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்தேன். தட்டையாக அமுங்கியது. இன்னொன்று. அதுவும் அப்படித்தான். உள்ளே அரிசி இல்லை. வெறும் உமிக்கூடு. சல்லடையில் இருந்தது முழுவதும் பதர்.

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நெல்லுக்கும் பதருக்கும் வித்தியாசம் தெரிய அங்கே யாரும் கையில் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரும் அசையவில்லை. முரண்பாடு என்று ஒரு வார்த்தை விழுந்தால் ஊருக்கே விதை போய்விடும். காத்தமுத்துகூட, எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு கையில் வந்து விழுந்தும், வேறு திசையில் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்வதற்குத்தானே சம்பளம்.

"தம்பி," என்றார் என் அதிகாரி, "ஜீப்ல என் குடை இருக்கு. எடுத்துட்டு வாங்க."

அவரிடம் குடையே கிடையாது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஏன் என்று புரியாமலே வாயை மூடிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றேன். அவரும் குடையை மறந்துவிட்டார்.

"ரெண்டு எண்ணையும் பார்த்துட்டு ஒண்ணா எழுதிக்கலாம்" என்று அவர் மெட்ராஸ்காரரிடம் சொன்னார். அவர் சரியென்றார்.

அடுத்த எண் வரப்புக்கு அந்தப் பக்கம். காத்தமுத்துவின் நிலம். கயிறு விரித்தோம், அள்ளினோம், ராக்கு சலித்தார். சல்லடையில் கட்டிதான் தங்கியது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில நெல். நல்ல நெல்தான். ஆனால் கொஞ்சம்.

மெட்ராஸ்காரரின் முகம் மாறியது. "என்ன இது? பக்கத்து நிலத்துல எவ்வளவு இருந்தது? இது கண்துடைப்புக்கு நாலு பிடி வீசினது மாதிரி இருக்கே."

"இல்லைங்க அய்யா. முழுசாத்தான் போட்டேன். மழை இல்லாமக் கெடந்ததுல எறும்பு இழுத்துருச்சு. மிச்சத்தப் புறா பொறுக்கிருச்சு."

"வரப்புக்கு அந்தப் பக்கம் எறும்பு போகாதா?"

நியாயமான கேள்வி. ஊரே அதற்கான பதிலைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றது. காத்தமுத்து வரப்பைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் நின்ற இருளாண்டியை ஒரு முறை பார்த்தார்.

"அது எறும்போட இஷ்டம்ங்க" என்றார்.

"வாயத் தொறந்து சொல்லுறதுக்கு என்ன?" என்றார் ராக்கு, கணவரிடம், அடிக்குரலில்.

"நீ சல்லடையப் பாரு."

மெட்ராஸ்காரர் தாளை எடுத்து ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்தார். அவர் கோபப்படவில்லை; வருத்தப்பட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஒருத்தர் ஒழுங்கா விதைச்சிருக்கார். ஒருத்தர் விதைச்ச மாதிரி காட்டியிருக்கார். அடங்கல்ல ரெண்டும் ஒண்ணா இருக்கு. முரண்பாடுன்னுதான் எழுதணும். மன்னிச்சுக்கணும்." பேனா மூடியைக் கழற்றினார்.

நான் என் அதிகாரியைப் பார்த்தேன். அவர் கண்மாயைப் பார்த்தார்.

"எழுதாதீக."

இருளாண்டி வரப்பைத் தாண்டி வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார்.

"என் நெலத்த வச்சு அந்தாளு நெலத்த அளக்காதீக. அந்தாளு போட்டது நெல்லு. அத எறும்பு திங்கும். எனதுல கெடக்கிறது பதரு. பதர எறும்பு சீண்டாது. அதான் போட்டது போட்டபடி கெடக்கு."

மெட்ராஸ்காரர் முதல் நிலத்துச் சல்லடையிலிருந்து எடுத்து வைத்திருந்த பதரைக் கையில் அள்ளினார். ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "பதரையா விதைச்சீங்க?"

"போன வருசம் எனக்கு வெளைஞ்சது அதுதான். வெளைஞ்சதத்தான் வெதைச்சேன்."

"வீட்டுல விதை இல்லாம இருக்குமா?"

"இருந்தது ஆடியில அடுப்புக்குப் போயிருச்சுங்க."

"இல்லைன்னா சும்மா விட்டிருக்கலாமே. எதுக்கு உழுது, பதரை வீசி?"

"மொதப் பிடி நான் போட்டாத்தான் ஊரு போடும். நான் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா இவங்க எப்ப வெதைக்கிறது?" ஊரின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மொதப் பிடி மட்டும் நெல்லுதான். சாமி முன்னாடி கட்டியிருந்த கதிர உருவிப் போட்டேன். அதுல நான் பொய் பண்ணல."

ராக்கு யாரும் கேட்காமலே ஒரு சுளகை வாங்கி, அந்தப் பதரைப் போட்டு ஒருமுறை புடைத்தார். கடற்காற்று முழுவதையும் கொண்டுபோயிற்று. சுளகில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கூட்டத்தில் ஒருவர், "அதான் மழை எட்டிப் பாக்கல. வெதைப்பே பதரால்ல ஆயிருக்கு" என்றார்.

"ஏலே, மழைக்குத் தெரியுமாக்கும் எவன் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு?" என்றார் காத்தமுத்து. "போன வருசம் எல்லாரும் நெல்லுதான போட்டம். கொட்டித் தீத்துருச்சாக்கும்? மீசை விசயத்த அப்பறமாப் பேசிக்கிரலாம். இப்ப அய்யாமாரு பேசட்டும்."

மெட்ராஸ்காரர் குழம்பிப்போனார். "எப்படிப் பார்த்தாலும் முதல் எண் தரிசுன்னு ஆயிடுது. அடங்கல்ல விதைப்புன்னு இருக்கு. முரண்பாடுதானே?"

அப்போதுதான் என் அதிகாரி கண்மாயிலிருந்து பார்வையைத் திருப்பினார். கைப்பையிலிருந்து கையேட்டை எடுத்தார். பின்பகுதி, நாங்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடம். விரலை வைத்துக் காட்டினார்.

"பதிவு எழுதுறதுக்கு முன்னாடி நிலக்காரர் தானா முன்வந்து சொன்னது முரண்பாடு ஆகாது. திருத்தம். திருத்தத்தை ஏத்துக்கிட்டு, அந்த எண்ணுக்குப் பதிலா வேறொரு எண்ணைக் குலுக்கிப் பார்க்கணும். சோதனை செய்றவர் கண்டுபிடிச்சாத்தான் முரண்பாடு." பிறகு தாளைப் பார்த்தார். "நீங்க இன்னும் எழுதலையே?"

மெட்ராஸ்காரர் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். பேனாவை மூடினார். குலுக்கலில் வேறோர் எண் வந்தது. கண்மாயின் மறுகோடியில் ஒரு கிழவியின் நிலம். அங்கேயும் காத்தமுத்துவின் நிலத்தில் இருந்த அளவுதான், எறும்பு விட்டு வைத்த நெல். அதற்குள் மெட்ராஸ்காரருக்குச் சலிப்பதில் ஒரு கை வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தே எண்ணினார். ஊர்க் கணக்கு ஏற்கப்பட்டது. இருளாண்டியின் எண் மட்டும் 'நடப்புத் தரிசு' என்று திருத்தப்பட்டது. அவர் தம் கையால் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் என் அதிகாரியிடம் கேட்டேன். "நான் சொல்லியிருந்தா?"

"நம்ம கண்டுபிடிப்பா போயிருக்கும். ஊரும் போயிருக்கும்."

"நீங்க அவருக்கு ஜாடை காட்டியிருக்கலாமே?"

"தானா முன்வந்துன்னு போட்டிருக்கு."

"அவர் கடைசிவரை பேசாம இருந்திருந்தா?"

"நான் சொல்லியிருப்பேன். இல்லாத விதைப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஊருக்கு விதை கிடைச்சிருக்காது."

"எவ்வளவு நேரம் பார்த்திருப்பீங்க?"

"பேனா தாளைத் தொடற வரைக்கும்" என்றார்.

இதை நான் உங்களுக்குச் சொல்வது கையேட்டைக் கடைசிவரை படியுங்கள் என்பதற்காக அல்ல. சொன்னாலும் படிக்க மாட்டீர்கள். இரண்டு நிலத்தில் எது அழகான எண்ணைக் கொடுத்ததோ அதுதான் பொய் நிலம். மேலே அனுப்ப வசதியாக, வரிசையாக, குறைவில்லாமல் எண்கள் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சல்லடைதான் நினைவுக்கு வரும். உடனே ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். அமுக்கிப் பார்த்ததை எப்போது சொல்வது என்பது வேறு பாடம். அதை நான் முழுதாகக் கற்றேன் என்று சொல்ல மாட்டேன்.

விதைநெல் தீபாவளிக்கு முன்பே லாரியில் வந்தது. பட்டியல்படி கொடுத்தார்கள். இருளாண்டியின் பெயர் அதில் இல்லை. அவர் நிலம் தரிசு. தரிசுக்காரர் வீட்டில் விதை இருக்கும். என் அதிகாரி முன்கூட்டியே, 'தரிசுக்குக் காரணம்: விதை இன்மை' என்று குறிப்பெழுதி அனுப்பிப் பார்த்தார். அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். மழை இன்மை இருந்தது, மாடு இன்மை இருந்தது. விதை இல்லாமல் ஒரு விவசாயி இருப்பான் என்று பட்டியல் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

லாரியடியில் நான் பட்டியலைச் சரிபார்க்க நின்றிருந்தேன். இருளாண்டி கூட்டத்தோடு வந்து நின்றார். யார் யார் வந்துவிட்டார்கள் என்று கூப்பிட்டு வரிசைப்படுத்தினார். தம் பெயர் வராத பட்டியலுக்கு அவர்தான் மேஸ்திரி. காத்தமுத்து தம் பங்கை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். இருளாண்டி கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றார்.

"சார், அந்த ஆளுட்ட ஒரு விசயம் சொல்லுங்க. என் நெலத்துல மண்ணுக்குள்ள கொஞ்ச நெல்லு கெடக்குன்னு கவர்மெண்டே எண்ணி எழுதிட்டுப் போயிருக்கு. அதனால எனக்கு இம்புட்டும் வேணாம். மிச்சத்த வரப்புல வச்சிட்டுப் போறேன். எடுத்தா எடுக்கட்டும். இல்லைன்னா எறும்பு திங்கட்டும்."

"எந்த வரப்புலன்னு கேளுங்க சார்" என்றார் இருளாண்டி, என்னைப் பார்த்து.

"எங்க வரப்புலன்னு சொல்லுங்க."

"யாரு வரப்புன்னு சார்வாள் ரெக்கார்டைப் பாக்கட்டும்னு சொல்லுங்க."

நான் பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்தேன். அரசாங்க ஊழியன் தபால்காரனாகவும் இருக்க வேண்டும் என்று என் நியமன ஆணையில் இல்லை. ஆனால் அந்த நெல்லை எறும்பு தின்னவில்லை.

மழை ஐப்பசிக் கடைசியில் வந்தது. கண்மாய் முழுதாகப் பெருகவில்லை. பயிர் பிழைக்கும் அளவுக்குப் பெருகியது. தை மாதம் வேறு வேலையாக அந்த வழியே போனபோது ஜீப்பை நிறுத்தி இறங்கினேன். அந்த வருஷங்களில் எனக்கு இருந்த மிகப் பெரிய சுகம் அதுதான். யாரும் அனுப்பாமல் ஒரு வயலைப் போய்ப் பார்ப்பது. காலை வெயில், ஈரக்காற்று, தலை சாய்ந்த கதிர். வரப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே நிறம். இருளாண்டி கிளி விரட்டிக்கொண்டிருந்தார். மீசை அப்படியே இருந்தது.

"வாங்க, வாங்க. எங்கன இந்தப் பக்கம்?" என்றார். "கதிரப் பாத்தீகளா? இப்ப என் நெலத்த என்னன்னு எழுதியிருக்கீக?"

"நடப்புத் தரிசு."

அவர் வயலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை. "இம்புட்டும் நிக்கிது. கண்ணு தெரியுதுல்ல?"

"தெரியுது. ஆனா பார்வை நாள் முடிஞ்சு போச்சு. அன்னைக்கு என்னவா இருந்துச்சோ அதுதான். இனிமே மாத்த முடியாது."

"அச்சுப் போட்ட புஸ்தகமா வருமா இது?"

"வரும்."

"அதுலயும் தரிசுதானா?"

"ஆமா."

அவர் ஒரு கட்டியை எடுத்து வயலுக்குள் எறிந்தார். கிளிகள் எழுந்து காத்தமுத்துவின் பக்கம் போய் உட்கார்ந்தன. அதைத் திருப்தியோடு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கெடக்கட்டும். ஊருக்கு முன்னாடி வாயத் தொறந்து சொல்லி, கையெழுத்தும் போட்டுக் குடுத்தது. அத மாத்தாதீக."